புதுச்சேரி பிரெஞ்சு லிசே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், விக்டர் சிமோனல் வீதியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய் எழுபது வருஷம் ஆகியும் அங்கே இன்றும் பாடம் பிரெஞ்சில்தான் நடக்கிறது. முழுப்பெயர் 'லிசே பிரான்சே அந்தெர்னாசியோனால் தெ போந்திஷெரி'. ஊரில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, 'பிரெஞ்சு லிசே' அல்லது வெறும் 'லிசே'. 2026 அக்டோபர் 26 அதன் 200 ஆண்டு நிறைவு நாள்.

நான் அங்கே படித்தவன் இல்லை, என் அத்தை மகன் படித்தான். அவன் புத்தகப் பையைக் குடைந்து பார்த்தே பாதி பால்யம் போனது. ஊர் சுற்றிப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று யோசிக்கும் நண்பர்கள், பிரான்சில் பிறந்து தாத்தாவின் ஊரைத் தேடி வரும் இளம்பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

முதலில், 'லிசே' என்றால் என்ன? கல்லூரியா, பள்ளியா?

பள்ளிதான். பிரான்சில் 15 வயது முதல் 18 வயது வரை படிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கு லிசே என்று பெயர். 1802-ல் நெப்போலியன் காலத்தில் பிரான்ஸ் முழுக்க இந்தப் பெயரில் அரசுப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய கட்டம், 11 முதல் 15 வயது வரை, 'கொலேஜ்'. நம் ஊரில் குழப்பமே இந்தச் சொல்லால்தான். ஆங்கிலேயர் ஆண்ட பக்கம் காலேஜ் என்றால் பட்டம் வாங்கும் இடம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட பக்கம் அது பள்ளிக்கூடம். பழைய புதுச்சேரி ஆள் ஒருவர் 'நான் கொலேஜில் படித்தேன்' என்றால் அவர் பட்டதாரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே போல அவரைக் குறைத்தும் எடைபோடக் கூடாது, அந்தக் காலத்து கொலேஜ் படிப்பு அவ்வளவு அழுத்தமானது.

புதுச்சேரி லிசேயில் மேல்நிலை மட்டும் இல்லை. மூன்று வயதுக் குழந்தையின் 'மத்தெர்னெல்' வகுப்பிலிருந்து பள்ளியிறுதி வரை ஒரே நிர்வாகத்தின் கீழ் நடக்கிறது.

யார் தொடங்கினார்? ஏன் 1826-ல்?

அப்போது ஆளுநராக இருந்த எழேன் தெபசாய்ன் தெ ரிஷ்மோன். பதவியில் இருந்தது 1826 முதல் 1828 வரை, வெறும் இரண்டே வருஷம். அதற்குள் அவர் செய்து வைத்த காரியங்களில் பல இன்னும் ஊரில் நிற்கின்றன.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நெப்போலியன் போர்களின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. போர் முடிந்து 1816-ல்தான் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்தது. படை வைத்துக்கொள்ள வழியில்லை, கோட்டை இல்லை, இந்தியாவைப் பிடிக்கும் கனவு பழைய ஆளுநர் தூப்ளே காலத்தோடு போயாயிற்று. மிச்சம் இருந்தது ஐந்து சிறு துண்டு நிலங்கள்: புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு ஆளுநர் என்னதான் செய்வார்? ரிஷ்மோன் பள்ளி திறந்தார், 1827-ல் பொது நூலகம் திறந்தார் (இன்றைக்கு ரொமேன் ரோலன் நூலகம் என்று நாம் சொல்வது அதுதான்), பஞ்சாலைக்கு வழி செய்தார். பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க குளூனி கன்னியாஸ்திரீகள் வந்து சேர்ந்ததும் 1827-ல்தான். பீரங்கி இல்லாத இடத்தில் பிரான்சின் பெயரைப் பள்ளிக்கூடங்கள் காப்பாற்றும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கணக்கு பலித்தது. ஆட்சி போன பிறகும் பள்ளி நிற்கிறது.

1826 அக்டோபர் 26-ல் திறந்தபோது அதன் பெயர் 'கொலேஜ் ருவாயால்', ராஜாவின் பள்ளி. பிரான்சில் அப்போது மன்னராட்சி. பாரிஸில் ஆட்சி மாற மாற இங்கே பெயர்ப்பலகையும் மாறியது: பிறகு 'கொலேஜ் கொலோனியால்', அப்புறம் 'கொலேஜ் பிரான்சே', கடைசியாக லிசே. இப்போதும் வயதானவர்கள் சிலர் கொலேஜ் பிரான்சே என்றே சொல்வார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அப்போதே இடம் கொடுத்தார்களா?

இல்லை. இதை மூடி மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொடங்கியபோது அது வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வழிவந்த கலப்பினக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குமானது. இந்தியப் பிள்ளைகளுக்கென்று வேறு பள்ளிகளைத் தனியாக வைத்தார்கள். நகரத்தின் அமைப்பே அப்படித்தானே, வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கருப்பு நகரம். பள்ளியும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

இந்தியப் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு பின்னால்தான் திறந்தது. திறந்த பிறகு இன்னொரு தடை: நம் பக்கத்துச் சாதி. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளோடு எங்கள் பிள்ளை ஒரே பெஞ்சில் உட்காராது என்று பிடிவாதம் பிடித்தவர்கள் பிரெஞ்சு இந்தியாவிலும் இருந்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பேசிய குடியரசின் பள்ளிகளிலும் அந்தச் சமத்துவம் வர இரண்டு பக்கத்துச் சுவர்களும் இடிய வேண்டியிருந்தது. 200 ஆண்டுப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கால்வே கல்லூரி, பெத்தி செமினேர், குளூனி எல்லாம் இதன் கிளைகளா?

இல்லை, ஒவ்வொன்றும் தனி. பெத்தி செமினேர் 1844-ல் கத்தோலிக்க மிஷன் தொடங்கியது. குளூனி, கன்னியாஸ்திரீகள் நடத்துவது. கால்வே கல்லூரி மிஷன் வீதியில் இருக்கிறது, கால்வே சுப்பராய செட்டியார் பெயரால் வந்தது, இப்போது அரசு மேல்நிலைப் பள்ளி. பாவேந்தர் பாரதிதாசன் படித்தது கால்வேயில், லிசேயில் இல்லை. இந்த இரண்டையும் குழப்பி எழுதுவதை நிறைய பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் நம்மவர்கள் பிரெஞ்சுப் படிப்புக்கு ஏன் அவ்வளவு அலைந்தார்கள்?

வேலைக்குத்தான். வேறு காரணங்களும் உண்டு, ஆனால் வேலைதான் முதலில். பிரெஞ்சு தெரிந்தால் அரசு அலுவலகத்தில் எழுத்தர், நீதிமன்றத்தில் வக்கீல், அதைவிடப் பெரிதாக, கப்பல் ஏறினால் வியட்நாமின் சைகோன். இந்தோசீனாவைப் பிரான்ஸ் பிடித்த பிறகு அங்கே வரி வசூல், தபால், போலீஸ், கணக்கு என்று எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். இங்கே பல பழைய வீடுகள் சைகோன் பணத்தில் எழுந்தவை. அங்கே போனவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு பிரெஞ்சுப் பள்ளி இருந்தது, 1874-ல் தொடங்கிய ஷாஸ்லூ-லொபா. எழுத்தாளர் மார்கரித் துராஸும் கம்போடிய மன்னர் சிஹானூக்கும் படித்த பள்ளி அது.

உரிமையும் ஒரு காரணம். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீலின் கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. 1873-ல் அவர் ஐரோப்பியக் காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியன் இப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் விடவில்லை, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்கை இழுத்துக்கொண்டு போய் ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21-ல் ஓர் ஆணை வந்தது: இந்தியர் ஒருவர் விரும்பினால் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். அவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்', கதவு என்று பொருள். முகமும் பேச்சும் அசல் தமிழாக இருக்கும் ஒரு பாண்டிச்சேரிக்காரருக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இந்த ஆணைதான். இந்தக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் படிப்பில் போட்டதில் ஆச்சரியம் இல்லை.

1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் போனபோது இந்தப் பள்ளி மட்டும் எப்படித் தங்கியது?

எல்லோரும் கேட்பது இதைத்தான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1954 அக்டோபர் 18-ல் கீழூர் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 வாக்கு, எதிர்த்து 8. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் அது நடைமுறை மாற்றம்தான், சட்டப்படியான ஒப்படைப்பு இல்லை. அதற்கு 1956 மே 28-ல் டெல்லியில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஸ்தனிஸ்லாஸ் ஒஸ்த்ரோரோக்கும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க ஆறு வருஷம் இழுத்தது. அப்போது பிரான்சின் பிடியில் இருந்த அல்ஜீரியாவில் விடுதலைப் போர். ஓர் இடத்தை விட்டுக்கொடுத்தால் மற்றதையும் கேட்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அல்ஜீரியா விவகாரம் 1962-ல் முடிந்ததும் இதுவும் முடிந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவானது.

அந்த ஒப்பந்தத்தில் இந்தப் பள்ளிக்கென்றே தனியாக எழுதி வைத்தார்கள். இருந்த இடத்திலேயே பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளியாகத் தொடரும். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது, சம்பளம் கொடுப்பது, பாடத்திட்டம், தேர்வு, கட்டடப் பராமரிப்பு எல்லாம் பிரெஞ்சு அரசின் பொறுப்பு. கட்டடமும் பிரெஞ்சு அரசின் சொத்து. அதோடு, இங்கே வாங்கிய பிரெஞ்சுப் பள்ளிச் சான்றிதழ்களை மேல்படிப்புக்கும் அரசு வேலைக்கும் இந்திய அரசு தகுதியாக ஏற்கும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். மக்கள் பிரதிநிதிகள் வேறு மாதிரி முடிவு செய்யும்வரை பிரெஞ்சு ஆட்சி மொழியாக நீடிக்கும் என்ற வரியும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

என் மனதில் நிற்பது அது நடந்த விதம். எகிப்தில் 1956 சூயஸ் போருக்குப் பிறகு பிரெஞ்சுப் பள்ளிகளை அந்த அரசு கையில் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் இங்கே மேசையில் உட்கார்ந்து பேசி, 'ஆட்சி எங்களுக்கு, பள்ளி உங்களிடமே இருக்கட்டும்' என்று முடித்தார்கள். பிரெஞ்சு மொழியும் பிரெஞ்சுக் கல்வியும் புதுச்சேரி மக்களின் சொத்துதான், அதை ஏன் அழிக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததற்கு நாம் நன்றியோடு இருக்கலாம்.

அப்படியானால் பள்ளி வளாகம் பிரெஞ்சு மண்ணா? உள்ளே நம் சட்டம் செல்லாதா?

செல்லும். நிலமும் கட்டடமும் பிரெஞ்சு அரசுக்குச் சொந்தம் என்பது வேறு, அது பிரான்சின் ஆட்சிப் பகுதி என்பது வேறு. இன்னொருவர் வாங்கிய மனை அவருக்குச் சொந்தம், ஆனால் ஊர் அதேதான். வளாகத்தின் சுவருக்கு இரண்டு பக்கமும் இந்தியாதான்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்தான் படிக்க முடியுமா?

இல்லை, மற்றவர்களும் சேரலாம். இடம் இருக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், பிள்ளையின் வயசுக்கு ஏற்ற பிரெஞ்சு வேண்டும். சின்ன வகுப்பில் சேர்த்தால் மொழி தானாக வந்துவிடும், பத்து வயசுக்கு மேல் திடீரென்று சேர்ப்பது பிள்ளைக்கு ரொம்பக் கஷ்டம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு வருமானத்தைப் பொறுத்து பிரெஞ்சு அரசின் கல்வி உதவித்தொகை உண்டு, அதற்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைய கட்டணத்தைப் பள்ளியில் நேராகக் கேளுங்கள், வருஷா வருஷம் மாறும்.

சரி, தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை எப்படி? அதுவும் 1956 ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 1962 ஆகஸ்டில் தொடங்கிய அந்த ஆறு மாதத்தில் சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பாக்கிப் பேருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் நாட்டை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அல்லது தாசில்தார் ஆபீஸ் மாதிரி இதுவும் ஒரு காகிதம் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவிலேயே அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவர் கையெழுத்துப் போட்டார், ஒருவர் போடவில்லை. அண்ணன் பேரப்பிள்ளைகள் பாரிஸ் புறநகரில் இருக்கிறார்கள், தம்பி பேரப்பிள்ளைகள் முத்தியால்பேட்டையில். கல்யாணம், காதுகுத்துக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் குடும்பங்களும் நிறைய. அவர்களை ஊரில் 'சொல்தா' என்பார்கள், சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் லிசேயில் படிப்பதும் படித்துவிட்டு பிரான்ஸ் போவதும் இங்கே தலைமுறை வழக்கம். இந்தக் குடியுரிமைக்குக் கல்யாணச் சந்தையில் ஒரு விலையும் ஏறிவிட்டது. அது எனக்குப் பிடிக்காத விஷயம், பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வகுப்பு எண்கள் தலைகீழாக ஓடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நாம் ஆறு, ஏழு, எட்டு என்று ஏறுவோம். அவர்கள் ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்குவார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு வரிசையும் ஆறில் சந்திக்கும், 11 வயதுப் பிள்ளை இங்கேயும் ஆறாவது, அங்கேயும் ஆறாவது. அடுத்த வருஷம் நம் பிள்ளை ஏழாவது போக, லிசே பிள்ளை ஐந்தாவது 'போகும்'. என் அத்தை மகன் 'நான் நாலாவது பாஸ்' என்று சொன்னபோது, எட்டாவது முடித்திருந்த என்னைவிட அவன் நான்கு வகுப்பு கீழே என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றாவதுக்குப் பிறகு கடைசி வகுப்பு 'தெர்மினால்', நம் பன்னிரண்டாவது.

அவன் நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நோட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே வெறும் வெள்ளைதான் இருக்கும். அவன் நோட்டில் எட்டு மில்லிமீட்டர் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மெல்லிசாக மூன்று படுக்கைக் கோடுகள். 'செயெஸ்' கோடு என்பார்கள். சின்ன எழுத்து முதல் கோடு வரை, உயரமான எழுத்து எந்தக் கோட்டைத் தொடலாம், வால் எதுவரை இறங்கலாம் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. மைப்பேனாவில் கூட்டெழுத்து. தப்பாகப் போனால் அழிக்காமல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு. மதிப்பெண் நூற்றுக்கு இல்லை, 20-க்கு. 10 வாங்கினால் தேர்ச்சி, 14 வாங்கினால் வீட்டில் பாயசம். 16-க்கு மேல் என்றால் 'மிக நன்று' என்று சான்றிதழிலேயே போடுவார்கள். முதல்முறை 20-க்கு 13 என்று பார்த்த எங்கள் பாட்டி, ஏன் இவ்வளவு கம்மி என்று வருத்தப்பட்டார்.

'பாண்டிச்சேரி வினாத்தாள்' என்று பிரான்சில் பேர்போன ஒன்று இருந்ததாமே?

ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பள்ளியிறுதித் தேர்வுக்குப் பெயர் பக்கலோரியா, சுருக்கமாக 'பாக்'. 1808-ல் நெப்போலியன் காலத்தில் வந்தது. பிரான்சில் அதை ஜூனில் எழுதுவார்கள். புதுச்சேரியில் ஜூன் வரை காத்திருக்க முடியுமா? அதனால் அப்போதெல்லாம் கத்திரி வெயில் வருவதற்குள், ஏப்ரல் வாக்கிலேயே இங்கே தேர்வு நடந்துவிடும். உலகத்திலேயே அந்த வருஷத்து பாக் தேர்வை முதலில் எழுதியது நம் புதுச்சேரிப் பிள்ளைகள்தான்.

தேர்வு முடிந்த அன்றே வினாத்தாள் பிரான்ஸ் முழுக்கப் பரவும். இந்த வருஷம் கணக்கு எப்படி வரும், எந்தப் பாடத்தில் அழுத்தம் என்று அங்கே இருக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகள் பாண்டிச்சேரி வினாத்தாளை வைத்துத்தான் பயிற்சி செய்வார்கள். பழைய வினாத்தாள் தொகுப்புகளைப் புரட்டினால் வருஷா வருஷம் 'போந்திஷெரி, ஏப்ரல்' என்று முதல் தாளாக நிற்கும். இந்தியா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடவேண்டிய ஒரு பிரெஞ்சுக் கிராமத்துப் பையனுக்கும் போந்திஷெரி என்ற பெயர் மனப்பாடம். தூப்ளே பெயரால் தெரிந்ததைவிட நிகழ்தகவுக் கணக்கால் அதிகம் தெரிந்திருக்கும். சில வருஷங்களுக்கு முன் தேர்வுக் கால அட்டவணையை மாற்றியதில் இந்த வழக்கம் நின்றுவிட்டது. எனக்கு அது ஒரு சின்ன இழப்பாகவே படுகிறது.

உள்ளே தமிழ் சொல்லித் தருகிறார்களா?

தருகிறார்கள். பாக் தேர்வில் எடுத்துக்கொள்ளக்கூடிய மொழிகளின் பட்டியலிலும் தமிழ் இருக்கிறது. பாரிஸ் கல்வி அமைச்சகம் ஏற்ற தேர்வில் ஒரு பிள்ளை தமிழில் எழுதி மதிப்பெண் வாங்கலாம்.

ஆனால் பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வீட்டில் பேசுகிறதே போதும் என்று அந்த வகுப்பை விட்டுவிடாதீர்கள். பேச வரும், படிக்க வராது என்ற நிலையில் எத்தனையோ பிள்ளைகளை நான் பார்த்துவிட்டேன். பிரெஞ்சில் நாலு பக்கம் கட்டுரை எழுதும் பெண், கடைப் பலகையில் 'மளிகை' என்று எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டுகிறாள். 200 வருஷம் தமிழ் ஊரில் நிற்கும் ஒரு பள்ளியில் படித்துவிட்டு அப்படி வெளியே வருவது பெரிய நஷ்டம்.

ஊர்ப் பேச்சில் பிரெஞ்சு ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

நிறைய இருந்தது, குறைந்துகொண்டு வருகிறது. ஆணை 'முசே', பெண்ணை 'மதாம்', நகராட்சிக் கட்டடம் 'மேரி', நகரைச் சுற்றும் பெரிய சாலை 'புல்வார்'. வெள்ளை நகரத் தெருக்கள் இன்றும் 'ரூ'தான்.

அங்கே பாக் முடித்தால் இந்தியாவில் மேல்படிப்பு படிக்கலாமா?

படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதை பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கிறது. சிக்கல் சான்றிதழில் இல்லை, நுழைவுத் தேர்வில். நீட், ஜேஇஇ எல்லாம் நம் பாடத்திட்டத்தை ஒட்டிச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள். அங்கே பயிற்சி வேறு மாதிரி: தத்துவம் கட்டாயப் பாடம், நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஒரே கேள்விக்குக் கட்டுரை எழுத வேண்டும். அதுபோக நடுவர்கள் முன்னால் 20 நிமிட வாய்மொழித் தேர்வு ஒன்று. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தயாராவது பிள்ளைக்குப் பெரிய பாரம். மருத்துவம்தான் குறி, அதுவும் இந்தியாவில்தான் என்றால் பத்தாவது வாக்கிலேயே யோசித்து முடிவெடுங்கள். சட்டம், மொழி, பொறியியல், வணிகம் என்று பிரான்சில் படிக்கும் எண்ணம் இருந்தால் இதைவிட நேரான வழி கிடையாது.

இப்போது யார் நடத்துகிறார்கள்?

வெளிநாடுகளில் பிரெஞ்சுக் கல்வியைக் கவனிப்பதற்கென்று 1990-ல் பிரெஞ்சு அரசு ஓர் அமைப்பை உருவாக்கியது. 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் 500-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அதன் வலைப்பின்னலில் உள்ளன. பெரும்பாலானவை சங்கமோ தனியாரோ நடத்துபவை, புதுச்சேரி லிசே அந்த அமைப்பே நேரடியாக நடத்தும் சிலவற்றில் ஒன்று.

அலியான்ஸ் பிரான்சேஸ், பிரெஞ்சு நிறுவனம், லிசே மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு. பெரியவர்கள் பிரெஞ்சு மொழி கற்கப் போவது அலியான்ஸ் பிரான்சேஸ், புதுச்சேரியில் 1889 முதல் இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனம் ஓர் ஆய்வு மையம், 1955-ல் திறந்தது, சைவ ஆகமச் சுவடிகளுக்குப் பேர்போனது. லிசே பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அரவிந்தர் ஆசிரமப் பள்ளியையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள், அங்கேயும் கணிதம், அறிவியல் பிரெஞ்சில்தான், ஆனால் அது ஆசிரமத்தின் சொந்தப் பள்ளி, பிரெஞ்சு அரசுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

கட்டடத்தை உள்ளே போய்ப் பார்க்கலாமா?

பிள்ளைகள் படிக்கும் இடம், சுற்றுலா இடம் இல்லை. வெளியே நின்று பாருங்கள், வாசலை மறித்துப் படம் எடுக்காதீர்கள். பள்ளி விடும் நேரத்தில் அந்தப் பக்கம் நின்றால் ஒன்று கேட்கும்: வாசல் வரை பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள், வண்டியில் காத்திருக்கும் அம்மாவைப் பார்த்ததும் ஒரு மூச்சு விடாமல் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

என் தாத்தா அங்கே படித்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வீட்டுப் பெட்டியைப் பாருங்கள். சான்றிதழ், பரிசுப் புத்தகம், குடும்பப் பதிவேடு ஏதாவது கிடைக்கலாம். பழைய பிரெஞ்சுப் பள்ளிகளில் வருஷக் கடைசியில் பரிசாகக் கொடுத்த புத்தகங்களின் உள் அட்டையில் மாணவர் பெயர், வகுப்பு, பாடம் மூன்றையும் எழுதி ஒட்டியிருப்பார்கள், அது ஒன்று கிடைத்தாலே பெரிய ஆதாரம்.

பிறப்பு, திருமணப் பதிவுகளுக்குப் புதுச்சேரி நகராட்சியும், பிரான்சில் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. அந்தக் காப்பகம் பிரெஞ்சு இந்தியாவின் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இங்கே புதுச்சேரியில் லாஸ்பேட்டைப் பக்கம் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையும் உண்டு.

தேடும்போது எழுத்தைப் பாருங்கள், பலர் தோற்பது இங்கேதான். பிரெஞ்சுக்காரர் நம் பெயரைத் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். நம் 'உ' ஒலிக்கு அவர்கள் ஓ, யூ என்று இரண்டு எழுத்து போடுவார்கள். ஆகவே முத்துவைத் தேட எம், ஓ, யூ என்று தொடங்க வேண்டும், சுப்புராயனுக்கு எஸ், ஓ, யூ. பிள்ளை என்பது 'பூல்லே' என்று படிக்கும்படி இருக்கும். அப்பா பெயர், ஊர்ப் பெயர் இரண்டையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த வருஷத்துக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு வருஷப் பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்டுங்கள். பக்கத்துக் கோட்டில் தாத்தாவின் கையெழுத்து தமிழில் இருந்தாலும் இருக்கும். பிரெஞ்சுப் பதிவேட்டில் தமிழில் கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய.